குழாய்த் தண்ணியைக் கறுக்க வச்சுக் காட்டுத டெமோ: உள்ள என்ன நடக்கு?

கே.டி.சி. நகர்வாசி (கேள்வி)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பாளையங்கோட்டை பக்கம் கொஞ்ச நாளா ஒரு கூட்டம் தெருத்தெருவா வருது. கழுத்துல அட்டை, கையில சின்னப் பெட்டி. "குடிநீர் சர்வே, இலவசமா டெஸ்ட் பண்ணித் தாரோம்"னு சொல்லித்தான் நடைக்குள்ள காலை வைக்காங்க.

ஒரு டம்ளர்ல நம்ம குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவங்க கொண்டாந்த ஆர்.ஓ. தண்ணி. பேனா மாதிரி மீட்டரை முக்குதாங்க. நம்மது 140, அவங்களது 22. அடுத்து நாலு கம்பி நீட்டிக்கிட்டு இருக்குத ஒரு கருவியை ரெண்டு டம்ளர்லயும் சேர்த்து வச்சு பிளக்கைச் சொருகுதாங்க. ஒரு நிமிஷத்துல நம்ம டம்ளர் பழுப்பாகி, அப்புறம் கரும்பச்சையாகி, மேல கசடு கட்டி நிக்கு. அவங்க டம்ளர் அப்படியே தெளிவா இருக்கு.

கடைசியா ஒரு சொட்டு மருந்து. குழாய்த் தண்ணி மஞ்சளாகுது. "இது விஷம்"ங்காங்க. வேற ஒரு டம்ளர் குழாய்த் தண்ணில நம்ம விரலை விட்டுக் கலக்கச் சொல்லி, அதே சொட்டை விட்டா மஞ்சள் வரல. "பாத்தீங்களா, விஷம் பூரா உங்க தோல் வழியா உள்ள போயிட்டு"ன்னு சொன்னதும் வீட்டுல உள்ள பெரியவங்க அரண்டு போயிருதாங்க. உடனே 18,000 ரூபாய் மெஷின், இன்னைக்கு மட்டும் வட்டியில்லா தவணைன்னு ஃபாரம் நீட்டுதாங்க.

தாமிரபரணித் தண்ணி நெசமாவே அவ்வளவு மோசமா? அந்தக் கம்பி டெமோ எப்படி நடக்கு? அவங்க முன்னாலயே அதை உடைச்சுக் காட்ட வழி உண்டா?

நீராய்வு

மூன்று சோதனையிலும் நடப்பது உண்மையான வேதியியல்தான். பொய் இருப்பது அவர்கள் சொல்லும் விளக்கத்தில். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கம்பிக் கருவியில் ஒவ்வொரு டம்ளருக்கும் இரண்டு கம்பிகள் இறங்கும். ஒன்று இரும்பு, மற்றது பெரும்பாலும் அலுமினியம். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பிதான் கரைகிறது. கரைந்த இரும்பு தண்ணீரில் முதலில் பச்சை கலந்த கசடாகவும், காற்றுப் பட்டதும் துருவின் நிறத்துக்கும் மாறும். ஆக, டம்ளரில் மிதப்பது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அவர்களுடைய கம்பியின் துரு. சில தடவை டெமோ காட்டிய கருவியை உற்றுப் பாருங்கள், இரும்புக் கம்பி அரித்து மெலிந்து குழி விழுந்திருக்கும். அலுமினியக் கம்பி அந்த அளவுக்குத் தேய்ந்திருக்காது.

ஆர்.ஓ. தண்ணீர் ஏன் தெளிவாக நிற்கிறது? அதில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அவ்வளவாக ஓடாது, கம்பியும் கரையாது. அவ்வளவுதான். எனவே உடைத்துக் காட்டும் வழி மிகச் சுலபம். புதிய டம்ளரில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றச் சொல்லி, வீட்டுச் சமையல் உப்பில் ஒரு சிட்டிகை போட்டுக் கரைத்து, அதே கருவியை வைக்கச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரைவிட வேகமாகப் பழுப்பாகிவிடும். இளநீரை ஊற்றினாலும் இதே கதிதான், அதில் பொட்டாசியம் உப்புகள் நிறைய உண்டு. இளநீரைக் கறுக்க வைக்கும் கருவி எதையும் சுத்தம் அசுத்தம் என்று பிரித்துச் சொல்லவில்லை என்பது வீட்டில் உள்ள எல்லாருக்கும் அப்போதே புரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கருவி நேராக 230 வோல்ட் பிளக்கில் நிற்கிறது. ஓடும்போது டம்ளரையோ கம்பியையோ தொடவே கூடாது. சோதனைத் தண்ணீரைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிடுங்கள்.

சொட்டு மருந்து குளோரினைக் காட்டுவது. மாநகராட்சித் தண்ணீரில் மஞ்சள் வந்தால் கிருமிநாசினி கடைசிக் குழாய் வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம், எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. உண்மையில் கவலைப்பட வேண்டியது மஞ்சள் வராத தண்ணீருக்குத்தான். விரலை விட்டுக் கலக்கும்போது தோலில் உள்ள எண்ணெய், வியர்வை, இறந்த செல்களோடு குளோரின் வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. உடம்புக்குள் ஏறுவதில்லை. விரலுக்குப் பதில் கொஞ்சம் வெந்த சோற்றையோ ஒரு இலைத் துண்டையோ போட்டுக் கலக்கினாலும் மஞ்சள் மங்கும்.

மீட்டர் காட்டும் 140 என்பது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, மில்லிகிராமில் (டி.டி.எஸ்.). அதே ஐ.எஸ். 10500 படி 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. 140 நல்ல தண்ணீர். பொதிகையிலிருந்து இறங்கும் ஆற்றுக்கு இயல்பாகவே உப்பு குறைவு. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 500-க்குக் கீழ் உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை என்ற நிலையை எடுத்தது, ஏனென்றால் வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பேனா மீட்டருக்குக் கிருமி தெரியாது. 140 காட்டும் தண்ணீரில் சாக்கடைக் கசிவு கலந்திருக்கலாம், 140 என்றுதான் காட்டும். நம் ஊர்த் தண்ணீரின் உண்மையான ஆபத்து அதுதான். விட்டு விட்டு வரும் விநியோகத்தில் குழாய் காலியாக இருக்கும் நேரம் வெளிச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். மூடியில்லாத மாடித் தொட்டி இன்னொரு வழி. இதற்கெல்லாம் டெமோவில் இடமே இல்லை, ஏனென்றால் அதைக் காட்ட ஒரு நிமிடம் போதாது. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் உவர் போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளுக்கு ஆர்.ஓ. நியாயமான தேவை. அவர்களையும் உங்களையும் ஒரே கம்பியை வைத்துப் பயமுறுத்துவதுதான் தப்பு.

சரியான சோதனை வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் செய்யலாம். வேதியியல் சோதனைக்கு, அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிய சுத்தமான பாட்டிலில் 2 லிட்டர் எடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான். அதை அலசக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். கோலிஃபார்ம் (சாக்கடை கலந்ததைக் காட்டும் கிருமி), ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, இரும்பு ஆகியவற்றைக் கேளுங்கள்.

பேட்டை வயர்மேன்

நீராய்வு அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. இதே கூட்டம் கரண்ட் பில்லுக்கும் ஒண்ணு வச்சிருக்கும், 'பவர் சேவர்'. ஆனித் திருவிழா நேரத்துப் பொருட்காட்சி ஸ்டால்ல இந்த மாதிரிச் சரக்கைப் பாக்கலாம். சின்ன மோட்டாரை ஓட விட்டு, வயர்ல கிளாம்ப் மீட்டரை மாட்டி, 0.8 ஆம்பியர் காட்டும்போது டப்பாவைச் சொருகுவான். 0.3க்கு இறங்கும். "பில் பாதி"ம்பான்.

டப்பாவைப் பிரிச்சா ஒரு கெப்பாசிட்டர், ரெண்டு எல்.ஈ.டி., அதுக்குக் கரண்ட் குடுக்க ஒரு சின்ன போர்டு. கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரைத்தான், அதாவது இழுக்குத கரண்ட்ல எவ்வளவு வேலைக்கு ஆகுதுங்குத விகிதத்தைத்தான் திருத்தும், அதனால ஆம்பியர் குறையுதது நெசம். ஆனா வீட்டு மீட்டர்ல ஈ.பி.காரங்க காசு வாங்குதது ஆம்பியருக்கு இல்ல, யூனிட்டுக்கு. மோட்டார் இழுக்குத வாட்ஸ் மாறவே இல்ல.

நீங்களே பாத்துக்கிடலாம். ஈ.பி. மீட்டர் முகப்புல '3200 imp/kWh'ங்குத மாதிரி ஒரு எண் அச்சடிச்சிருக்கும், பக்கத்துல சிவப்பு லைட் மினுக்கும். 3200 மினுக்குக்கு ஒரு யூனிட்டுன்னு கணக்கு. மத்த எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டு தண்ணி மோட்டாரை மட்டும் போட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. டப்பாவைச் சொருகி மறுபடி ஒரு நிமிஷம் எண்ணுங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். கணக்குக்கு: 1000 வாட்ஸ்னா நிமிஷத்துக்கு 53 மினுக்கு. ஃப்ரிட்ஜை வச்சு எண்ணாதீங்க, கம்ப்ரசர் நின்னு நின்னு ஓடுததால ஏமாந்துருவீங்க.

கே.டி.சி. நகர்வாசி

ரொம்ப நன்றி அண்ணாச்சி. அந்த உப்பு விஷயத்தை எங்க தெரு குரூப்ல போட்டுட்டேன். வட்டியில்லா தவணைங்காங்களே, அது எந்த அளவுக்கு நெசம்? ஃபாரத்துல '0%'ன்னுதான் அடிச்சிருக்கு. 500 ரூபாய் பிராசஸிங் தனி. ரொக்கம்னா 16,500க்குத் தாரேன்னும் சொல்லுதாங்க.

கணக்கு அக்கா

அந்தக் கடைசி வரியிலதான் வட்டி இருக்கு தம்பி. ரொக்க விலை 16,500ன்னா பொருளோட உண்மையான விலை அதுதான். 18,000ங்குதது கடன் விலை.

கணக்கைப் போடுவோம். மாசம் 1,800 வீதம் 10 தவணை. முதல் தவணையை இன்னைக்கே வாங்கிருவாங்க, கூட 500. ஆக இன்னைக்கே உங்க கையில இருந்து 2,300 போயிட்டு. 16,500ல அதைக் கழிச்சா நீங்க நெசமாக் கடன் வாங்குதது 14,200. திருப்பிக் கட்டுதது 9 தவணை, 16,200. கூடுதல் 2,000. ஒன்பது மாசத்துல அசலும் மாசா மாசம் குறைஞ்சுக்கிட்டே வருதுல்லா, அதையும் சேர்த்துக் கணக்குப் பாத்தா மாசம் 2.7 சதவீதம், வருஷத்துக்கு 32 சதவீதத்துக்கு மேல. நகைக்கடன் வட்டியே இதைவிட ரொம்பக் குறைவு.

கடன் குடுக்குத வங்கியோ நிதி நிறுவனமோ 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்'னு ஒரு தாள் தந்தாகணும், ரிசர்வ் வங்கி விதி. அதுல ஏ.பி.ஆர்.ங்குத வருடச் சதவீதத்தைப் பாருங்க, பிராசஸிங் கட்டணத்தையும் சேர்த்துப் போட்டிருக்கும். ஆனா ரொக்கத் தள்ளுபடி கிடைக்காமப் போன 1,500 அதுல வராது. அதை நீங்கதான் சேர்த்துக்கிடணும். மொபைல் வழியா ஓ.டி.பி. வாங்கிப் போட்ட டிஜிட்டல் கடனா இருந்தா, குறைஞ்சது ஒரு நாளாவது விலகிக்கிடுத அவகாசம் உண்டு. எத்தனை நாள்னு அதே தாள்ல இருக்கும். அசலையும் அந்த நாள் வரைக்குமான வட்டியையும் கட்டிட்டு, அபராதம் இல்லாம வெளிய வந்துரலாம். டெமோ பாத்து அவசரத்துல கையெழுத்துப் போட்டவங்க முதல்ல இதைப் பாக்கட்டும்.

'பழைய மெஷினுக்கு 3,000'ங்குததும் இதே வகைதான். எக்ஸ்சேஞ்ச் இல்லாம எவ்வளவுன்னு முதல்ல கேட்டு எழுதி வாங்குங்க, அப்புறமா பழைய மெஷினை எடுத்துக் காட்டுங்க. ரெண்டு விலைக்கும் வித்தியாசம் பல நேரம் 500 கூட வராது.

வாரண்டியையும் வாசிங்க. 'ஒரு வருட முழு வாரண்டி'ன்னு பெருசாப் போட்டு, செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், மெம்பிரேன் (உப்பைத் தடுக்குத சவ்வு) மூணும் தேயுத பொருள், வாரண்டியில வராதுன்னு கீழ இருக்கும். ஆர்.ஓ.ல அடிக்கடி செலவு வைக்குதது அந்த மூணுதான். மிச்சம் இருக்குதது பம்ப்பும் அடாப்டரும்.

நீராய்வு

கணக்கு அக்கா மெம்பிரேன் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். பல மெஷின்களில் 'டி.டி.எஸ். கன்ட்ரோலர்' என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் சுத்தமான தண்ணீரோடு கலந்துவிடும் வால்வு அது. டெமோ அன்று அதை முழுக்க மூடி 20 காட்டுவார்கள். பிறகு 'தாதுச்சத்து கூட்டித் தருகிறோம்' என்று திறந்துவிடுவார்கள். திறந்தால் உப்போடு சேர்ந்து மெம்பிரேன் தடுத்திருக்க வேண்டியதும் உள்ளே வரும். அந்தக் கலவை கிருமி கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்குக்கு முன்னால் சேர்கிறதா பின்னால் சேர்கிறதா என்று குழாயைப் பின்தொடர்ந்து பாருங்கள். பின்னால் சேர்ந்தால் மெஷின் வாங்கியும் பயனில்லை.

செக்கடி

கண்ணுக்கு முன்னால ஒண்ணைக் காட்டி, கணக்கை மறக்கடிக்குத வேலை எண்ணெய்க் கடையிலயும் நடக்கு. வாசல்ல ஒரு மரச்செக்கு சுத்திக்கிட்டே இருக்கும், வாசனை தெருவரைக்கும் வரும். பின்வாசல்ல டின் இறங்கும். எல்லாரும் அப்படி இல்ல, நேர்மையா ஆட்டுதவங்க நம்ம பக்கம் நெறைய உண்டு. அவங்களுக்காகத்தான் இதை எழுதுதேன்.

ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் செக்குல ஏறக்குறைய 2.25 முதல் 2.5 கிலோ எள்ளு வேணும், கருப்பட்டி தனி. கடலை எண்ணெய்க்கும் அதே அளவு நிலக்கடலைப் பருப்பு. தேங்காயெண்ணெய்க்கு 1.6 முதல் 1.8 கிலோ கொப்பரை. கிலோ எள்ளு 150ன்னு வச்சுக்கிட்டா எள்ளுக்கே 337 முதல் 375 ரூபாய் வரைக்கும் போயிரும். புண்ணாக்கு வித்து 50 ரூபாய் திரும்புச்சுன்னாலும், ஆட்டுக் கூலியும் பாட்டிலும் சேர்ந்து மறுபடி 300 தாண்டிரும். அந்த நாள்ல 'அசல் மரச்செக்கு' 220ன்னு போர்டு இருந்தா அது செக்குல வந்த எண்ணெயா இருக்க வழியே இல்ல. அன்னைக்குள்ள எள்ளு விலையைப் பலசரக்குக் கடையில கேட்டு நீங்களே பெருக்கிப் பாருங்க. இன்னொரு கேள்வியும் கேளுங்க: ஒரு தடவைக்கு எத்தனை கிலோ போடுதீங்க, எத்தனை மணி நேரம் ஆகுது? அதுல ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வரும்னு தெரிஞ்சிரும். ஒரே செக்கை வச்சுக்கிட்டு நாலு கிளைக்கு எண்ணெய் அனுப்ப முடியாது.

பாக்கெட் எண்ணெய்ல ரெண்டு கவனிங்க. கோயில் வாசல்லயும் மளிகைக் கடையிலயும் நல்லெண்ணெய் பாக்கெட் பக்கத்துலயே அதே மஞ்சள், அதே எள்ளுப் படத்தோட 'தீப எண்ணெய்' இருக்கும். 'விளக்கேற்ற மட்டும்'ங்குதது பின்பக்கம் பொடி எழுத்துல. அதைச் சமையலுக்கு எடுத்துறாதீங்க. அடுத்தது அளவு. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் பக்கம் இருக்கும். பழைய லிட்டர் பாக்கெட் மாதிரியே வீங்கின கவர்ல இப்போ 850 மில்லி, 800 மில்லின்னு வருது. 2022ல நிலையான பாக்கெட் அளவு விதியை எடுத்ததுல இருந்து இது கூடிட்டு. அதுக்குப் பதிலா, ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலைங்குதது பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கணும். அந்தச் சின்ன எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க, கவர் பெருசா சின்னதான்னு பாக்க வேண்டாம்.

அல்வாவும் அப்படித்தான். ஒரு கிலோ கேட்டா அட்டைப்பெட்டியோட தராசுல வைக்காதபடி பாத்துக்கிடுங்க. வெறும் பெட்டியை முதல்ல வச்சு சைபர் ஆக்கச் சொல்லுங்க. பெட்டி கனம் அல்வா விலைக்குப் போகக் கூடாது.

வழக்குமன்றம் பக்கம்

கேள்விக்குத் திரும்புவோம். 'குடிநீர் சர்வே' என்று சொல்லி உள்ளே நுழைந்து பொருள் விற்பது, வெறும் மிகைப்படுத்தல் என்று விட்டுவிடக்கூடியது அல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை நியாயமற்ற வணிக நடைமுறையாகவே பார்க்கும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தில் உள்ள நிபந்தனை அந்த விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும். தமிழில் '0% வட்டி' என்று அடித்துவிட்டு நிபந்தனையை ஆங்கிலப் பொடி எழுத்தில் வைப்பதும் புகாருக்கு உரியதே.

ஆனால் வழக்கு நிற்பது தாளில்தான். வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம். எனவே அவர்கள் கழுத்து அட்டையைப் படம் எடுங்கள். டெமோவை மொபைலில் பதிவு செய்யப்போவதாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அங்கேயே பெட்டியைக் கட்டிவிடுவார்கள். வாங்கியவர்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். பில்லில் உள்ள நிறுவனப் பெயரும் மெஷின் மேல் ஒட்டிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஒட்டிய, உள்ளூரில் கோர்த்த மெஷின்கள் புழக்கத்தில் உள்ளன.

ரத்து செய்ய நினைத்தால் தொலைபேசியில் பேசி நிறுத்தாதீர்கள். அன்றே மின்னஞ்சல், கூடவே ஒப்புகையோடு விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்). கடன் நிறுவனத்துக்குத் தனியாக ஒன்று. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்: மெஷின் சரியில்லை என்று தவணையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். கடன் ஒப்பந்தம் வேறு, பொருள் ஒப்பந்தம் வேறு. தவணை தவறினால் கடன் மதிப்பெண்தான் அடிவாங்கும், விற்றவருக்கு ஒன்றும் ஆகாது.

முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

கே.டி.சி. நகர்வாசி

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. மாநகராட்சித் தண்ணி மட்டும் வருத வீட்டுக்கு, ஆர்.ஓ. வேண்டாம்னா வேற என்ன செய்யலாம்?

நீராய்வு

குடிக்கும் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, அதே பாத்திரத்திலேயே மூடி ஆற விடுங்கள். வேறு குடத்துக்கு மாற்றினால் அந்தக் குடத்தின் கிருமி சேரும். மோள்வதற்குக் கைப்பிடி நீண்ட அகப்பை, டம்ளரை உள்ளே விடக் கூடாது. மெஷின்தான் வசதி என்றால் செடிமென்ட், கார்பன் ஃபில்டரோடு யு.வி. உள்ளது போதும். கலங்கல் தண்ணீரில் யு.வி. வேலை செய்யாது, ஆகவே மழைக்காலத்தில் முன் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றுங்கள். யு.வி. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் காலப்போக்கில் வீரியம் இழக்கும். நிறுவனம் சொன்ன மணிக்கணக்கில் மாற்றிவிடுங்கள்.

மாடித் தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். நிரப்பிய பின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். அரை வாளித் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பாக்கெட் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் குளோரின் போயிருக்கும், மூக்கைத் துளைக்கும் வாடை இல்லாவிட்டால் அதைப் போடாதீர்கள். அந்த மஞ்சள் சொட்டு மருந்துக் கிட் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். குழாயில் மஞ்சள் வருகிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்து, வராத அன்று மாநகராட்சிக்குச் சொல்லுங்கள்.